மின்சாரம் நின்றாலும் பாடம் நிற்கலாகாது
மின்கலத்தில் நன்கு இயங்கும் மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்கும் முறை



சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், ஆறாம் படிவத்தில் பயிலும் தம் மகளுக்கென மடிக்கணினி ஒன்றை வாங்கினார். ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. "இதனினும் வேகமான கணினி எங்கள் கடையில் இல்லை" என்று விற்பனையாளர் கூறினார். அவர் கூற்றும் பொய்யன்று. கடையில் மின் இணைப்போடு இருந்தபோது அக்கணினி மின்னல் வேகத்தில் இயங்கியது.

ஒரு நாள் பிற்பகல் இடி மழை பெய்தது. லயத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. அப்பெண் தன் கைத்தொலைபேசியின் இணையத் தொடர்பைக் கொண்டு, ஆசிரியர் நடத்திய இணைய வகுப்பில் தொடர்ந்து அமர்ந்திருந்தாள். ஆனால், கணினியோ தடுமாறத் தொடங்கியது. ஆசிரியரின் படம் அசைவற்று நின்றது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. ஒரு மணி நேரம் கடந்ததும் கணினி முற்றிலும் அணைந்தது. "பழுதான பொருளை என் தலையில் கட்டிவிட்டார்களா?" என்று தந்தை மனம் நொந்து வினவினார். பொருளில் பழுது இல்லை, தேர்வில்தான் பிழை.

இத்தகைய பிழை மற்றக் குடும்பங்களுக்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அன்றும் இன்றும்

பேராக் மாநிலம் மின்சாரத்தை வெகுகாலத்துக்கு முன்பே கண்ட மாநிலம். மாலிம் நாவார் மின் நிலையம் 1928ஆம் ஆண்டிலும், பேராக் ஆற்றின் குறுக்கே எழுந்த செண்டரோ நீர்மின் நிலையம் 1930ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. ஆயினும் அம்மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களையே முதன்மையாகச் சென்றடைந்தது. லயத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கொளியிலேயே பயின்றனர். தோட்டத்து இயந்திரம் மின்சாரம் வழங்கிய இடங்களிலும், இரவில் குறித்த நேரத்தில் விளக்கு அணைக்கப்படுவது வழக்கமாயிருந்தது. விளக்கு அணையும் முன் பாடத்தை முடிப்பது அக்காலப் பிள்ளைகளின் கவலை.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பள்ளிப் பாடம் வீட்டுக்கு வந்தது. கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. வசதி குறைந்த மாணவர்களுக்கு 150,000 மடிக்கணினிகளை வழங்கும் செர்டிக் திட்டம் 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இன்று உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைக்கு மடிக்கணினி ஆடம்பரப் பொருள் அன்று; அது ஏடும் எழுதுகோலும் போன்றது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் சட்டம் வகுத்துள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஆகவே, 2,000 ரிங்கிட்டுக்கு ஒரு கணினி வாங்குவோர் ஒரு மாத உழைப்புக்கும் மேலானதை அதற்குக் கொடுக்கின்றனர். அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்திருத்தல் கடமையாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு

மின்கலத்தில் எவ்வளவு நேரம் ஓடும் என்பது முதற் கேள்வி. இதனைப் பலரும் கேட்கின்றனர். மின் இணைப்பை அகற்றிய பின்னரும் அதே வேகத்தில் ஓடுமா என்பது இரண்டாம் கேள்வி. இதனைக் கேட்போர் மிகச் சிலரே. நாம் மேலே கண்ட தந்தை இரண்டையும் கேட்கவில்லை.

முதற் கேள்வி: எவ்வளவு நேரம்?

பால் மரத்தில் கட்டிய மங்கு எவ்வளவு பெரிது என்பதைப் பார்த்தே எவ்வளவு பால் கொள்ளும் என்று கூறுகிறோம். மின்கலத்தின் கொள்ளளவைக் குறிக்கும் அளவு வாட்-மணி என்பதாகும். சில கணினிகளில் இது மில்லி ஆம்பியர்-மணி என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். அதனை 1,000ஆல் வகுத்து, வோல்ட் அளவால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 4,400 மில்லி ஆம்பியர்-மணியும் 11.4 வோல்ட்டும் உள்ள மின்கலம் ஏறத்தாழ 50 வாட்-மணி கொண்டது.

இந்த 50 வாட்-மணியைக் கணினி செலவிடும் வாட் அளவால் வகுத்தால், ஓடும் நேரம் தெரியும்.

கட்டுரை எழுதும்போது 8 வாட் செலவாகுமெனில், 6 மணி 15 நிமிடம் ஓடும்.
இணைய வகுப்பின்போது 12.5 வாட் செலவாகுமெனில், 4 மணி நேரம் ஓடும்.
பசி மிகுந்த கணினி 25 வாட் செலவிடுமெனில், 2 மணி நேரமே ஓடும்.

ஆகவே, பெரிய மின்கலம் மட்டும் போதாது. சிக்கனமாகச் செலவிடும் கணினியும் வேண்டும். விளம்பரத்தில் காணும் "15 மணி நேரம்", "20 மணி நேரம்" என்பவை பெரும்பாலும் திரையின் ஒளியைக் குறைத்து, ஒரு படத்தை மட்டும் ஓடவிட்டுக் கணக்கிட்டவை. அன்றாடப் பயன்பாட்டில் அவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு வேகம்?

விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட கணினிகளில் தனியான வரைகலைச் சில்லு ஒன்று உண்டு. மின் இணைப்பில் இருக்கும்போது அது செயலியோடு சேர்ந்து நூறு வாட்டுக்கும் மேல் உறிஞ்சும். சிறிய மின்கலத்தால் அவ்வளவு மின்னாற்றலை ஒரே நேரத்தில் தர இயலாது. எனவே, இணைப்பை அகற்றியதும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. தனிச் சில்லு இல்லாத கணினிகள் சிலவும், மின்கலம் நீண்ட நேரம் ஓடவேண்டும் என்பதற்காக வேகத்தைக் குறைக்குமாறு அமைக்கப்பட்டுள்ளன. கடையில் கண்ட வேகம் வீட்டில் காணாமற்போவதன் காரணம் இதுவே.

இதனை அறிய எளிய அடையாளம் ஒன்று உண்டு. கணினியுடன் வரும் அடாப்டரைக் கையில் எடுத்து, அதில் எழுதியுள்ள வாட் அளவைப் பாருங்கள். 45 அல்லது 65 வாட் என்றிருப்பின், அது சிக்கனமான கணினியாக இருக்கும். 150, 200 வாட் என்றிருப்பின், அது மின் இணைப்பை நம்பி வாழும் கணினி என்று கொள்ளலாம்.

செயலியின் பெயரும் ஓரளவு துணைபுரியும். இன்டெல் செயலிகள் பலவற்றின் பெயர் இறுதியில் ஓர் எழுத்து இருக்கும். 'யு' என முடிபவை சிக்கனமானவை. 'எச்' என முடிபவை மிகுதியாகச் செலவிடுபவை. விலை குறைந்த கணினிகளில் உள்ள என்100 என்னும் செயலி வெறும் 6 வாட் வகையைச் சார்ந்தது. அது பெருவேகம் உடையதன்று. எனினும் கட்டுரை எழுதவும் இணைய வகுப்புக்கும் போதுமானது. ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட எம்1 செயலியும் அதன் வழிவந்தவையும் மின்கலத்திலும் ஏறக்குறைய அதே வேகத்தில் இயங்குபவை. 2024ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ், இன்டெல் கோர் அல்ட்ரா 200வி ஆகியனவும் மின்சிக்கனத்தைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஆயினும் ஸ்னாப்டிராகன் கணினியில் சில பழைய மென்பொருள்களும் அச்சுப்பொறிகளும் இயங்காமற்போகலாம். பிள்ளை பயிலும் துறைக்கு எம்மென்பொருள் தேவை என்பதனை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

கடையில் செய்யத்தக்க சோதனை

ஈப்போ போன்ற நகருக்குச் சென்று வாங்கும்போது அவசரப்படாதீர்கள். கணினி பயின்ற பிள்ளையையோ உறவினரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். பின்வரும் சோதனையைச் செய்துகாட்டுமாறு பணிவுடன் கேளுங்கள்.

1. மின்கலம் நிறைந்துள்ள காட்சிக் கணினி ஒன்றைக் கேளுங்கள்.

2. மின் இணைப்போடு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பீடோமீட்டர் என்னும் வேகச் சோதனையை ஓடவிட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இணைப்பை அகற்றி, அதே சோதனையை மீண்டும் ஓடவிடுங்கள். எண் சிறிதளவே குறைந்தால் நன்று. பாதியாகக் குறைந்தால் அக்கணினி உங்களுக்கு ஏற்றதன்று.

4. திரையின் ஒளியைப் பாதியாக வைத்து, காணொளி ஒன்றை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அந்நேரத்தில் மின்கலம் 10 விழுக்காடு குறைந்தால், ஏறத்தாழ 5 மணி நேரம் ஓடும் எனக் கணக்கிடலாம்.

நினைவகம் 8 கிகாபைட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 16 இருப்பின் நன்று. பழைய சுழல் வட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி சேமிப்பகம் இருத்தல் வேண்டும். திரை 13 அல்லது 14 அங்குலம் போதும். பெரிய திரை மிகுந்த மின்சாரம் உண்ணும்.

பழைய கணினி வாங்குவோருக்கு

பயன்படுத்திய கணினியை வாங்குவது தவறன்று. ஆனால், மின்கலம் வயதாகும் பொருள். விண்டோஸ் கணினியில் 'பேட்டரி ரிப்போர்ட்' என்னும் அறிக்கையை எடுத்துக் காட்டுமாறு விற்பவரைக் கேளுங்கள். புதிதாக இருந்தபோது கொண்ட அளவும், இன்று கொள்ளும் அளவும் அதில் இருக்கும். முன்பு 50 வாட்-மணி கொண்டது இன்று 30 மட்டுமே கொள்ளுமெனில், 60 விழுக்காடே எஞ்சியுள்ளது. புதிய மின்கலத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்தே பேரம் பேசுதல் வேண்டும்.

பேணும் முறை

ஆழமாக வெட்டிப் பட்டையைப் புண்படுத்தினால் பால் மரம் விரைவில் வறண்டுபோவதைத் தோட்டத்தார் அறிவர். மின்கலமும் அத்தன்மையதே. முற்றிலும் தீரும்வரை ஓட்டாதீர்கள். இயன்றவரை 20க்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருங்கள். வெப்பம் மின்கலத்தின் பகைவன். மெத்தையின்மேல் வைத்து இயக்கினால் காற்றுத் துளைகள் அடைபடும். வெயிலில் நிற்கும் காரினுள் கணினியை விட்டுச் செல்லாதீர்கள். இடி மின்னலின்போது அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். மின்கலம் உப்பிப் பருத்திருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்திக் கடையில் ஒப்படையுங்கள்; அது தீப்பற்றக்கூடும்.

சட்டம் உங்கள் பக்கம் உள்ளது

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பயனீட்டாளர் தம் தேவையை விற்பவரிடம் தெரிவித்து வாங்கிய பொருள், அத்தேவைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். ஆகவே, "மின்சாரம் இல்லாதபோது நான்கு மணி நேரம் இணைய வகுப்பு நடக்கவேண்டும்" என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள்; அதனை இரசீதில் எழுதித் தருமாறு கேளுங்கள். வழக்கு நேர்ந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை அணுகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே; வழக்கறிஞர் தேவையில்லை.

முடிவுரை

சுங்கை சிப்புட் தந்தையின் மகள், அன்று விட்டுப்போன பாடத்தைத் தோழியின் குறிப்பேட்டிலிருந்து எழுதிக்கொண்டாள். இப்போதெல்லாம் வானம் கறுத்தால், கணினியின் ஒளியைக் குறைத்துச் சிக்கன நிலைக்கு மாற்றிக்கொள்கிறாள். அவ்வாறு செய்வதால் ஒரு வகுப்பு முடியும்வரை கணினி தாங்குகிறது. எனினும், வாங்கும் நாளிலேயே கடைக்காரரிடம் இணைப்பை ஒரு முறை அகற்றச் சொல்லியிருந்தால், அதே பணத்தில் அவள் கவலையின்றிப் பயின்றிருப்பாள். பெற்றோர்களே, கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. 42 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி 10.5 வாட் செலவிட்டால் எவ்வளவு நேரம் ஓடும்?
2. அடாப்டரில் எழுதியுள்ள வாட் அளவு எதனை உணர்த்துகிறது?
3. விளையாட்டுக் கணினி மின்கலத்தில் இயங்கும்போது வேகம் குறைவது ஏன்?
4. கடைக்குச் செல்லும் முன் உங்கள் பிள்ளையின் தேவைகளைப் பட்டியலிடுக.

(முதல் வினாவின் விடை: 4 மணி நேரம்.)