மழையை அளக்கப் பழக்குதல்

ஹைதராபாத் நகரின் மேற்குப்புறத்திலுள்ள கச்சிபௌலியைப் போன்ற இடத்துப் பள்ளிகளில், வானிலைப் பாடத்தை மழைமானியிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். கருங்கற்பாறைகளும் கட்டடங்களும் நிறைந்த மேட்டுநிலம் அது. ஊர்ப்பெயரின் பிற்பகுதியாகிய ‘பௌலி’ கிணற்றைக் குறிப்பதாயினும், இன்று அங்குப் பெய்யும் நீரில் பெரும்பங்கு நிலத்துள் இறங்காமல் ஓடிவிடுகிறது. எவ்வளவு பெய்தது, எவ்வளவு ஓடிற்று என்னும் இரு வினாக்களுக்கும் மாணாக்கர் தாமே விடை காண இயலும்.

பக்கங்கள் நேராகவுள்ள பிளாஸ்டிக் குப்பி ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அதனைத் தலைகீழாகப் புனல்போல் எஞ்சிய பகுதியின்மேல் பொருத்துக. அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்குமாதலால், கூழாங்கற்களை இட்டு, அவை மூழ்குமளவு நீர் வார்த்து, அந்த மட்டத்தைச் சுழியாகக் கொண்டு மில்லிமீட்டர் அளவுத்தாளை ஒட்டுக. அருகிலுள்ள மரம், சுவர் ஆகியவற்றின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவாவது தள்ளிக் கருவியை வைத்தல் வேண்டும். இந்திய வானிலைத் துறையின் நிலையங்களில் செய்வதுபோல், நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறித்தபின் நீர்மட்டத்தை மீண்டும் சுழிக்குக் கொணர்க.

அகன்ற பாத்திரத்தில் அதிக மழை காட்டும் என்றே சிறுவர்கள் எண்ணுவர். அதனை வாயால் மறுக்க வேண்டா. நேர்ப்பக்கமுள்ள அகன்ற டப்பா ஒன்றையும் குறுகிய டப்பா ஒன்றையும் அருகருகே மழையில் வைக்கச் செய்க. இரண்டிலும் நீரின் உயரம் ஒன்றாகவே இருக்கும். புனலின் வாய் 10 சென்டிமீட்டரும் குப்பியின் உட்குறுக்களவு 5 சென்டிமீட்டரும் ஆயின் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே குப்பியில் 20 மில்லிமீட்டர் நீர் நின்றால் மழை 5 மில்லிமீட்டரே. கணித ஆசிரியருக்கும் இது நல்ல பாடம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை 1 லிட்டர் நீருக்குச் சமம் என்பதை அடுத்து விளக்கலாம். 2020 அக்டோபர் 13இல் காக்கிநாடா அருகே கரை கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேற்கு நோக்கி நகர்ந்தபோது, பேகம்பேட்டை நிலையத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சதுர மீட்டருக்கு 190 லிட்டர்; அஃதாவது 15 லிட்டர் குடத்தில் சுமார் 13 குடம். வகுப்பறைத் தரையில் ஒரு சதுர மீட்டரைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, குடங்களை எண்ணச் சொல்லுக.

இனி, சாய்வாக வைத்த இரு தட்டுகளில் ஒன்றில் மண்ணையும் மற்றதில் கற்பலகையையும் இட்டு, துளையிட்ட டப்பாவால் சம அளவு நீரைப் பொழிந்து, வழிந்த நீரை அளக்கச் செய்க. மண் முற்றும் நனைந்தபின் மறுமுறை பொழிந்தால் அதிலும் நீர் வழிந்தோடும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த நிலத்தின்மீது அக்டோபரில் வரும் பெருமழை ஏன் அஞ்சத்தக்கது என்பது அப்போது விளங்கும். 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பெருக்கெடுத்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் விளைவாக எழுந்ததே, கச்சிபௌலிக்குத் தென்மேற்கில் 1920இல் கட்டி முடிக்கப்பட்ட உஸ்மான்சாகர் நீர்த்தேக்கம்.

களப் பணியாளர்களுக்கு ஒரு சொல். கோடைக்கால இடிமழை ஒரு பேட்டையில் கொட்டி, அடுத்ததை நனைக்காமலே போவதுண்டு. அண்டைப் பள்ளிகளின் அளவுகள் மாறுபட்டால் உடனே ஒன்றைப் பிழையென்று திருத்தலாகாது. முதலில் கருவி வைத்த இடத்தைப் பார்க்க. மழையற்ற நாளில் சுழி என எழுதச் செய்க. வெற்றிடம் விட்டால், மழை இல்லையா அளக்கவில்லையா என்பது பின்னர்த் தெரியாது. இடி முழங்குகையில் எக்காரணத்தாலும் மாணாக்கரை மழைமானியருகே அனுப்புதல் கூடாது.