நினைவுப் பொருள்கள்: பற்றா, பக்தியா?

கங்கையின் மேற்குக் கரையில், கொல்கத்தாவுக்கு எதிரே அமைந்துள்ளது ஹவுரா நகரம். இரும்பை உருக்கி வார்ப்பதும், வார்த்ததைக் கடைந்து உருவாக்குவதும் அந்நகர மக்களுக்குக் கைவந்த தொழில். அதனால் ஒரு காலத்தில் அதனைக் ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்று அழைத்தனர். தொலைதூர நியூயார்க் நகரின் வீதிகளில் பதிக்கப்பட்டுள்ள பாதாளச் சாக்கடை மூடிகளில் பல, ஹவுராவின் வார்ப்படச் சாலைகளில் பிறந்தவை. பெலிலியஸ் சாலையிலும் அதனைச் சூழ்ந்த சந்துகளிலும் சிறு சிறு லேத் பட்டறைகள் நெருங்கி நிற்கின்றன. வீட்டின் முன் அறையே பட்டறையாகவும் பின் அறையே குடும்பம் வாழும் இடமாகவும் அமைவது அங்கு புதிதன்று.

அத்தகைய பட்டறை ஒன்றை மனக்கண்ணில் காண்போம். எண்ணெய் ஊறிக் கறுத்துப்போன வேலை மேசை. அதன் ஓரத்தில் ஒரு வைஸ். பக்கத்தில் அரங்களும் சுத்தியல்களும். தரையில் இரும்புச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடக்கின்றன. மேசைக்கு மேலே சுவரில் குருதேவர், அன்னை, சுவாமிஜி ஆகியோரின் படங்கள். படங்களுக்குக் கீழே ஒரு பலகையில் சில சிறு பொருள்கள்: தந்தை தம் மகனுக்காகக் கடைந்து கொடுத்த பித்தளைப் பம்பரம், நூல் அறுந்த பட்டம் ஒன்றின் சுற்றுக்கட்டை, புரியில் தாய் வாங்கிய சிறிய சங்கு, கைபட்டுக் கைபட்டு வழவழப்பான ஒரு பழைய காலிப்பர். காலிப்பர் என்பது உருளைகளின் குறுக்களவைக் கணிக்கும் கருவி. நாற்பது ஆண்டுகள் அதைக் கையாண்ட தந்தை இப்போது இல்லை.

சந்தையில் இப்பொருள்களுக்கு விலை கிடையாது. ஆயினும் வேலைக்கு நடுவே மகன் நிமிர்ந்து பார்க்கும்போது அவன் கண்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

ஒருநாள் தொழில் பழக வந்த அண்டை வீட்டுச் சிறுவன் அந்தக் காலிப்பரைக் கையில் எடுக்கிறான். “அதைத் தொடாதே! அது அப்பாவுடையது” என்று மகன் அதட்டுகிறான். சிறுவன் அஞ்சி அதனை வைத்துவிடுகிறான்.

இக்காட்சி கற்பனையே. ஆயினும் இது நிகழாத இல்லம் அரிது. காலிப்பருக்குப் பதிலாகத் தாயின் தையல் இயந்திரமாகவோ, தாத்தாவின் பேனாவாகவோ, மறைந்த குழந்தையின் விளையாட்டுப் பொருளாகவோ அது இருக்கலாம். நினைவுப் பொருளைப் போற்றுவது அன்பின் இயல்பு. ஆனால் ஆன்மீக வாழ்வை நாடுபவர் ஒரு கேள்வியை எதிர்கொண்டே தீர வேண்டும்: இது பக்தியா, அல்லது பக்தியின் ஆடையை அணிந்து வந்த பற்றா?

துறவிகள் காத்த பொருள்கள்

இக்கேள்விக்கான விடையைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அப்பட்டறைகளுக்கு வடக்கே, அதே கங்கைக் கரையில், அதே ஹவுரா மாவட்டத்தில் பேலூர் மடம் அமைந்துள்ளது.

அங்குள்ள அருங்காட்சியகத்தில் குருதேவர் தம் இறுதி நாட்களில் பாயசம் அருந்திய கருங்கல் கிண்ணத்தைக் காணலாம். அவர் பயன்படுத்திய தலையணையும் காலணியும் அங்குள்ளன. குருதேவரின் முன் நரேந்திரர் பாடும்போது மீட்டிய தம்புராவும், பிற்காலத்தில் சுவாமிஜியாக மேலைநாடுகளில் அவர் அணிந்த நீண்ட அங்கியும், சகோதரி நிவேதிதையின் மேசையும் காக்கப்பட்டுள்ளன. 1911-ஆம் ஆண்டு சென்னைக்கும் மதுரைக்கும் யாத்திரை வந்தபோது அன்னை பயன்படுத்திய பொருள்களைத் தமிழ்நாட்டு பக்தர்கள் அங்கே கண்டு நெகிழ்கின்றனர். சென்னை விக்டோரியா மண்டபத்தில் சுவாமிஜி முழங்கினார் அல்லவா? அம்மண்டபத்தின் மரப்படிக்கட்டும் அங்கே இடம்பெற்றுள்ளது. மடத்தில், 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி மகாசமாதி அடைந்த அறை, அவர் பயன்படுத்திய பொருள்களோடு இன்றும் பேணப்படுகிறது.

வீடு, உறவு, செல்வம் அனைத்தையும் துறந்தவர்கள் ஒரு கிண்ணத்தையும் தலையணையையும் ஏன் காத்தனர்? துறவுக்கும் இதற்கும் முரண்பாடு இல்லையா? இதற்கான விடை ஒரு மகானின் வாழ்க்கையிலேயே எழுதப்பட்டுள்ளது.

பதினோரு ஆண்டுகளும் ஒரு கட்டளையும்

1886-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் காசிப்பூர்த் தோட்ட வீட்டில் குருதேவர் மகாசமாதி அடைந்தார். அவரது புனித அஸ்தியைக் காக்கும் பொறுப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் சசி மகராஜ். பின்னாளில் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் என்று அறியப்பட்டவர். வராகநகரிலும் பின்னர் ஆலம்பஜாரிலும் மடம் இயங்கிய ஆண்டுகளில், சகோதரத் துறவிகள் ஒருவர் பின் ஒருவராகத் தீர்த்தயாத்திரைக்கும் தவத்துக்கும் புறப்பட்டுச் சென்றனர். சசி மகராஜோ அஸ்திக் கலசத்தை விட்டு நகரவில்லை. குருதேவர் உடலோடு இருந்தபோது எவ்வாறு பணிவிடை செய்தாரோ அவ்வாறே நாள்தோறும் பூஜை செய்தார், நைவேத்தியம் படைத்தார், வெப்பம் மிகுந்த வேளைகளில் விசிறினார். பதினோரு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன.

வெளியிலிருந்து பார்ப்பவர் இதனைப் பற்று என்றே கூறியிருப்பார். ஒரு கலசத்தோடு ஒரு மனிதர் தம்மைக் கட்டிக்கொண்டுவிட்டார் என்றே எண்ணியிருப்பார்.

1897-ஆம் ஆண்டு சோதனை வந்தது. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமிஜியிடம், தங்களுக்கு ஒரு துறவியை அனுப்புமாறு சென்னை அன்பர்கள் வேண்டியிருந்தனர். சுவாமிஜி சசி மகராஜைப் பணித்தார். பதினோரு ஆண்டுகள் ஒருநாளும் பிரியாத சன்னிதியை விட்டு, மொழியும் உணவும் பழக்கமும் வேறான ஊருக்குச் செல்ல வேண்டும். சசி மகராஜ் மறுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதமே சென்னை வந்து சேர்ந்தார்.

இந்த ஓர் அடியில்தான் பற்றுக்கும் பக்திக்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. அந்தப் பதினோரு ஆண்டுப் பணிவிடை அவரைக் கட்டிப்போடவில்லை; கட்டளை வந்த கணமே புறப்படும் ஆற்றலை அவருக்குத் தந்திருந்தது. கலசத்தை அவர் பிரிந்தார். கலசம் நினைவூட்டிய குருதேவரைப் பிரியவில்லை. சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் குருதேவரின் படத்தை நிறுவி அதே பணிவிடையைத் தொடர்ந்தார். நகரின் பல பகுதிகளுக்கும் சென்று வகுப்புகள் நடத்தினார். 1905-ஆம் ஆண்டு ஆதரவற்ற சிறுவர்களுக்காக மாணவர் இல்லத்தைத் தொடங்கினார். அவ்வில்லத்தின் ஒரு பகுதியாக மயிலாப்பூரில் பாலிடெக்னிக் ஒன்றும் நடைபெறுகிறது. ஒரு கலசத்தின் முன் செய்யப்பட்ட சேவை, ஏழை மாணவனின் கையில் கருவியாக மாறியதை இங்கே காண்கிறோம்.

தோள்மீது சுமந்ததும் விற்கத் துணிந்ததும்

சுவாமிஜியின் வாழ்விலும் இதே பாடம் உண்டு. தம்மைத் தோளில் சுமந்து எங்கே கொண்டு சென்று வைத்தாலும் அங்கே தங்குவதாகக் குருதேவர் அவரிடம் கூறியிருந்தார். 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், நீலாம்பர் முகர்ஜியின் தோட்ட வீட்டிலிருந்து அந்த அஸ்திக் கலசத்தைச் சுவாமிஜி தம் வலத் தோளில் சுமந்து சென்று, பேலூரில் புதிதாக வாங்கிய நிலத்தில் வைத்து வழிபட்டார். 1938-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் குடமுழுக்கு செய்யப்பட்ட பெரிய ஆலயம், அந்தப் புனித நினைவைத் தாங்கியே நிற்கிறது.

அதே 1898-ஆம் ஆண்டில், கலச வழிபாட்டுக்குச் சில மாதங்கள் முன்னதாக, கொல்கத்தாவைப் பிளேக் நோய் அச்சுறுத்தியது. நிவாரணப் பணிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது. தேவையானால் மடத்துக்கென வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் சுவாமிஜி. குருதேவரை அமர்த்துவதற்கென்றே அரிதின் முயன்று பெற்ற நிலம் அது! விற்க வேண்டிய நிலை வரவில்லை. ஆயினும் விற்கத் துணிந்த அந்த மனமே கலசத்தைச் சுமக்கத் தகுதியுடைய மனம். நோயுற்றவரிடம் குருதேவரைக் காணாதவர் கலசத்தில் மட்டும் எவ்வாறு காண இயலும்?

இரண்டு பரதர்கள்

நமது இதிகாச புராணங்கள் இக்கருத்தை இரண்டு பரதர்களின் வழியே உணர்த்துகின்றன.

இராமபிரானின் தம்பியாகிய பரதன் அண்ணனின் பாதுகைகளைப் பெற்று வந்தான். பிரிவின் துயரைத் தணிக்க அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதபடியே காலம் கழித்திருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. பாதுகைகளை அரியணையில் அமர்த்தி, தான் நந்திக்கிராமத்தில் தவக்கோலம் பூண்டு, பதினான்கு ஆண்டுகள் அரசுக் கடமையை ஆற்றினான். பாதுகை மேலே, பணி கீழே. நினைவுப் பொருள் இருக்க வேண்டிய இடம் அதுவே.

மற்றொரு பரதர், அரசைத் துறந்து கானகம் சென்ற முனிவர். வெள்ளத்தில் தவித்த மான்குட்டியை அவர் காத்தது கருணை. ஆனால் நாளடைவில் தியானமும் ஜபமும் தளர்ந்தன. மானே மனம் முழுவதும் நிறைந்தது. இறுதி வேளையிலும் மானையே நினைத்ததால் அவர் மானாகப் பிறந்தார் என்கிறது பாகவதம். நாட்டையே துறந்தவரை ஒரு சிறு மான் கட்டிவிட்டது! பொருள் சிறிது என்பதால் பற்றும் சிறிதாக இருக்கும் என்று எண்ணிவிட முடியாது.

கருவியும் வழிபாட்டுக்குரியதே

வங்காளத்தில் பாத்ர மாதத்தின் கடைசி நாளில், பெரும்பாலும் செப்டம்பர் 17-ஆம் நாள், விசுவகர்மா பூஜை நடைபெறுகிறது. அன்று ஹவுராவின் லேத்துகள் ஓய்கின்றன. கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு மலர் சூட்டுகின்றனர். வானில் பட்டங்கள் பறக்கின்றன. தமிழ்நாட்டில் ஆயுத பூஜையன்று இதே வழிபாட்டைச் செய்கிறோம். மறுநாள் என்ன செய்கிறோம்? அதே கருவியை எடுத்து வேலையைத் தொடங்குகிறோம். பூஜையோடு கருவியைப் பூட்டி வைப்பதில்லை. தன் கடமையாலேயே இறைவனை வழிபட்டு மனிதன் நிறைவடைகிறான் என்னும் கீதையின் பதினெட்டாம் அத்தியாயக் கருத்து, பட்டறையில் இவ்வாறு உயிர்பெறுகிறது.

பெண்மணி ஒருவர் வீட்டைப் பெருக்கியபின் துடைப்பத்தை அலட்சியமாக எறிந்தார். அதைக் கண்ட அன்னை, சாதாரணத் துடைப்பத்துக்கும் உரிய மரியாதை உண்டு, அதனை மெதுவாக அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். மறைந்தவரின் கருவியை மலர் சூட்டி வைத்துவிட்டு, அன்றாடக் கருவியை எறிந்து பயன்படுத்தினால் அன்னையின் போதனையை நாம் ஏற்றவர்கள் ஆக மாட்டோம்.

நம்மை நாமே சோதிக்க

இல்லத்தில் நினைவுப் பொருள்களைப் போற்றும் அன்பர்கள் மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது: இப்பொருளைக் கண்டபின் என் கை வேலைக்குத் திரும்புகிறதா, வேலையிலிருந்து விலகுகிறதா? தந்தையின் பம்பரத்தைப் பார்த்தபின் கடைசல் இன்னும் நேர்த்தியாக அமைந்தால் அது பக்தி. வேலை நின்று, துயரம் மட்டும் எஞ்சுமானால் விழிப்புத் தேவை.

இரண்டாவது: இது எனக்கு ஒருவரின் குணத்தை நினைவூட்டுகிறதா, ‘எனது’ என்னும் உணர்வை வளர்க்கிறதா? காலிப்பர் தந்தையின் நேர்மையை நினைவூட்ட வேண்டும். அளவில் மயிரிழை பிசகினாலும் அப்பொருளை விற்க மறுக்கும் நேர்மையே அவர் விட்டுச் சென்ற உண்மையான சொத்து.

மூன்றாவது: தேவையுள்ள ஒருவர் வந்து நின்றால் இதனை என்னால் கொடுக்க இயலுமா? கொடுத்தே ஆக வேண்டும் என்பதன்று. கொடுக்க இயலும் மனம் இருக்கிறதா என்பதே கேள்வி.

புதிதாகத் துயருற்றவர்கள் இக்கேள்விகளால் தம்மை வருத்திக்கொள்ள வேண்டாம். காயம் ஆறக் காலம் தேவை. சசி மகராஜின் பதினோரு ஆண்டுகளைப் போல, காத்துப் போற்றும் காலமும் சாதனையின் ஒரு பகுதியே. பிறர் துயரத்தின்மீது இக்கேள்விகளைத் தொடுப்பதும் நமது வேலையன்று.

மீண்டும் அந்தப் பட்டறைக்கு வருவோம். மாலை வேளை, விளக்கேற்றிப் படங்களை வணங்கிய மகன், தந்தையின் காலிப்பரை எடுத்துத் துடைக்கிறான். பிறகு சிறுவனை அருகே அழைத்து அதனை அவன் கையில் தருகிறான். இரு கால்களையும் எவ்வளவு மென்மையாக உருளையின்மீது பொருத்த வேண்டும் என்று காட்டுகிறான். தந்தை அவனுக்குக் காட்டியதும் அவ்வாறே.

பம்பரமும் சுற்றுக்கட்டையும் சங்கும் பலகையில் அப்படியே இருக்கின்றன. காலிப்பர் இருந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையில் அவனுக்கு வருத்தம் இல்லை. தந்தை மீண்டும் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றே அவனுக்குத் தோன்றுகிறது.

நம் இல்லங்களில் உள்ள ஒவ்வொரு நினைவுப் பொருளும் நம்மை இவ்வாறு இறைவனிடமும், இறைவனின் வடிவமாகிய மனிதரிடமும் அழைத்துச் செல்லுமாறு குருதேவரும் அன்னையும் சுவாமிஜியும் அருள்புரிவார்களாக!