மெக்சிகோ பாலைவனச் சாலையில் ஏமாறாமல் பெட்ரோல் போட 18 குறிப்புகள்

மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், டிஹுவானாவிலிருந்து காபோ சான் லூகாஸ் வரை பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தின் நெடுக ஓடுகிறது முதலாம் எண் நெடுஞ்சாலை. நீளம் சுமார் 1,700 கி.மீ. 1973-ல்தான் முழுவதும் தார் போட்டு முடித்தார்கள். கார்தோன் கள்ளியையும் சீரியோ மரத்தையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாமல் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டிய இடங்கள் இதில் உண்டு.

இந்தச் சாலையில் ஒழுங்காக அளந்து போடும் பங்க்குகள் நிறைய இருக்கின்றன. மீட்டரை ஜீரோவுக்குக் கொண்டுவராமல் போடுவது, அளவில் குறைப்பது, கொடுத்த நோட்டை மாற்றிக் காட்டுவது என்று கைவரிசை காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டேங்க் காய்ந்துபோய் வந்து நிற்பவர்தான் இவர்களுக்கு வசதியான ஆள். அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது. அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. மீதிக்குக் கண்ணும் வாயும் போதும்.

புறப்படும் முன்

1. உங்கள் வண்டியின் டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். அமெரிக்காவில் எடுத்த வண்டி என்றால் அளவு கேலனில் இருக்கும். ஒரு கேலன் 3.785 லிட்டர். முழு டேங்க், அரை டேங்க், கால் டேங்க் மூன்றுக்கும் லிட்டர் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 50 லிட்டர் டேங்கில் முள் பாதியில் நிற்கும்போது 25 லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். முள் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் என்பதால் இரண்டு மூன்று லிட்டர் வித்தியாசத்தை விட்டுவிடலாம். மீட்டர் 35 என்றால் விடக்கூடாது.

2. டேங்க் மூடி சாவி போட்டுப் பூட்டும் வகையாக இருக்கட்டும். மெக்சிகோவில் பெரும்பாலும் பங்க் ஊழியர்தான் பெட்ரோல் போடுவார். பூட்டு இருந்தால் நீங்கள் இறங்கி வந்து திறக்கும்வரை அவரால் ஹோஸைச் செருக முடியாது. மீட்டரைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

3. மெக்சிகோ அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பின் பெயர் ப்ரோஃபெகோ. பங்க்குகளைச் சோதனை போடுவது இவர்கள் வேலை. 'லித்ரோ போர் லித்ரோ' என்ற இவர்களுடைய செயலியில் எந்த பங்க்கில் என்ன விலை, சோதனைக்கு உட்பட்டதா என்பதையெல்லாம் வரைபடத்தில் பார்க்கலாம். பாலைவனத்தின் நடுவில் சிக்னல் கிடைக்காது. முதல் நாள் இரவே, தங்கும் விடுதியின் வைஃபையில், மறுநாள் பாதையில் உள்ள பங்க்குகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பெரிய ஊர் வங்கியிலேயே 50, 100, 200 பேசோ நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். சரியான தொகையைக் கொடுத்துவிட்டால் மீதிச் சில்லறையில் வரும் தகராறே இல்லை.

வழியில்

5. முள் பாதிக்கு வந்ததும் அடுத்து வரும் நல்ல பங்க்கில் நிரப்புங்கள். 'இன்னும் நூறு கிலோமீட்டர் தாங்கும்' என்ற கணக்கு இங்கே வேண்டாம். டேங்கர் லாரி வந்து சேராத நாளிலும், மின்சாரம் போன நேரத்திலும் பங்க் திறந்திருக்கும், பெட்ரோல் மட்டும் வராது. பாதி டேங்க் கையிருப்பு இருந்தால், ஒரு பங்க் பிடிக்கவில்லை என்றதும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடலாம்.

6. எல் ரொஸாரியோ என்ற ஊரின் பெயரை மறக்காதீர்கள். அங்கிருந்து கெர்ரேரோ நேக்ரோ சுமார் 350 கி.மீ. அதற்குச் சற்று முன்னால் வில்லா ஹெசூஸ் மரியா வரும்வரை நெடுஞ்சாலையில் பங்க்கை நம்பிப் போக முடியாது. எல் ரொஸாரியோவில் முள் முக்காலில் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். தெற்கிலிருந்து வருகிறவர்கள் கெர்ரேரோ நேக்ரோவிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். இதுபோலவே சொனோரா மாநிலத்தில், அல்தார் பெரும்பாலைவனத்தின் ஓரமாகச் செல்லும் இரண்டாம் எண் நெடுஞ்சாலையில், சான் லூயிஸ் ரியோ கொலராதோவிலோ சொனொய்ட்டாவிலோ, எந்த முனையில் ஏறினாலும் முழு டேங்கோடு ஏறுங்கள்.

7. எல் ரொஸாரியோவுக்கும் கெர்ரேரோ நேக்ரோவுக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட வெற்றிடத்தின் நடுவே, பெரும் பாறைகள் குவிந்து கிடக்கும் கதவீன்யாவில், உள்ளூர்க்காரர்கள் பீப்பாயில் பெட்ரோல் வைத்து விற்பதுண்டு. பங்க் விலையைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். தொலைவிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து விற்கும்போது அது நியாயமும்கூட. ஊற்றுவதற்கு முன் விலையையும் அளவையும் பேசி முடியுங்கள். எந்தப் பாத்திரத்தில் அளக்கிறார்கள் என்று பாருங்கள். மெல்லிய சல்லடை வைத்த புனலில் ஊற்றச் சொல்லுங்கள். அடுத்த ஊர் போய்ச்சேர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் வாங்கினால் போதும்.

8. பெட்ரோலுக்கென்றே செய்த 20 லிட்டர் கேன் ஒன்று வைத்திருங்கள். வழியில் கைகொடுப்பதோடு, பங்க்கைச் சோதிக்கவும் அதுவே கருவி. ப்ரோஃபெகோ ஆய்வாளர்களும் 20 லிட்டர் அளவுப் பாத்திரத்தை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். அதில் 100 மில்லி வரை முன்பின் இருக்க அனுமதி உண்டு. வீட்டிலேயே 10 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றி, கேனின் வெளியே கோடு போட்டுக்கொண்டு, நன்றாகக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். சந்தேகப்படும் பங்க்கில் முதலில் கேனில் 10 லிட்டர் போடச் சொல்லுங்கள். கோட்டுக்கு எட்டாமல் நன்றாகக் கீழே நின்றால் அத்தோடு நன்றி சொல்லிவிடலாம். கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். வண்டிக்குள் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரத் தீப்பொறி ஆபத்து.

9. எந்த பங்க் நல்லது என்று விடுதிக்காரரையும் டயர் பஞ்சர் கடைக்காரரையும் கேளுங்கள். அதே ஊரில் தினம் பெட்ரோல் போடுகிறவரை அடிக்கடி ஏமாற்ற முடியாது. டாக்சிகளும் சரக்கு வண்டிகளும் நிற்கும் பங்க்கில் சரக்கும் தேங்கி நிற்காது. ஒரு விதிவிலக்கு: டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எந்த பங்க்கிலும் போடாதீர்கள். நிலத்தடித் தொட்டியின் அடியில் படிந்த கசடும் நீரும் கலங்கி மேலே வரும்.

பங்க்கில் நுழைந்ததும்

10. பெயர்ப்பலகையை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 1938-ல் எண்ணெய்த் தொழிலை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து நாடு முழுக்க பெமெக்ஸ் ஒன்றுதான் பெட்ரோல் பெயராக இருந்தது. 2016-லிருந்து வேறு நிறுவனங்களின் பலகைகளும் வந்துவிட்டன. பெமெக்ஸ் பலகை வைத்த பங்க்குகளிலும் பெரும்பாலானவை தனியார் முதலாளிகள் உரிமம் வாங்கி நடத்துபவை. ஒரே பெயரில் ஒரு பங்க் நேர்மையாகவும் அடுத்தது நேர்மாறாகவும் இருக்கலாம்.

11. விலைப்பலகையைப் படியுங்கள். அரசே ஒரு விலை வைக்கும் முறை 2017-ல் விலக்கப்பட்டது. முதலில் விலக்கிய இடங்களே பாஹா கலிபோர்னியாவும் சொனோராவும்தான். அதனால் பங்க்குக்கு பங்க் விலை மாறும். 2025 பிப்ரவரியில் அரசும் பங்க் உரிமையாளர்களும் பேசி, சாதாரண பெட்ரோலான மக்னாவை லிட்டர் 24 பேசோவுக்கு மேல் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இது அவரவர் விருப்பப்படி சேர்ந்த ஏற்பாடு. அளவுக்கு மீறி விற்ற பங்க்குகளின் வாசலில் 'இங்கே விலை அதிகம்' என்று ப்ரோஃபெகோ துணிப்பதாகை கட்டியதும் உண்டு. மலிவு என்பதாலேயே மயங்கவும் வேண்டாம். 23 பேசோவுக்கு 900 மில்லி கிடைத்தால், லிட்டர் 25 பேசோவுக்கு மேல் போட்டதாகத்தான் கணக்கு.

12. பம்பின் உடம்பைப் பாருங்கள். சோதனையில் தேறிய பம்பில் ஆண்டு அச்சிட்ட முத்திரை ஒட்டியிருக்கும். சோதனையில் தோற்ற பம்பைப் பயன்படுத்தக்கூடாது என்று ப்ரோஃபெகோ சீல் வைக்கும். ஒரு பங்க்கில் பக்கத்துப் பம்ப் சீல் வைக்கப்பட்டிருந்தால், உங்கள் முன்னால் இருக்கும் பம்பையும் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

13. வண்டியை விட்டு இறங்குங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 'ஜீரோ பார்த்துக்கோங்க சார்' என்று நம்மூர் பங்க்கில் கேட்டுப் பழகியிருப்பீர்கள். மெக்சிகோவில் நீங்கள்தான் 'என் செரோஸ், போர் ஃபவோர்' (ஜீரோவில் வையுங்கள், தயவுசெய்து) என்று சொல்ல வேண்டும். சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் கண்ணாடி துடைக்கிறேன் என்றும், இன்னொருவர் டயர் காற்று பார்க்கவா என்றும் பேச்சுக் கொடுத்தால், பதிலைப் பிறகு சொல்லலாம். பேசோ, லிட்டர் கட்டங்கள் இரண்டும் ஜீரோவிலிருந்து ஓடத் தொடங்கும்வரை பார்வை மீட்டரிலேயே இருக்கட்டும். அதுபோல, பேசோ கட்டத்தில் ஜீரோ வந்துவிட்டால் மட்டும் போதாது. லிட்டர் விலையும் பலகையில் கண்ட விலைதானா என்று பாருங்கள்.

14. நிறத்தைக் கவனியுங்கள். மக்னா பச்சை, பிரீமியம் சிவப்பு, டீசல் கறுப்பு. அமெரிக்காவில் பல பங்க்குகளில் டீசலுக்குப் பச்சைக் கைப்பிடி இருப்பதால், எல்லை தாண்டி வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். மக்னா 87 ஆக்டேன். உங்கள் வண்டிக்கு அதுவே போதுமென்று கையேடு சொன்னால், கேட்காமலே பிரீமியம் போட விடாதீர்கள்.

15. முழுவதும் நிரப்ப 'யேனோ' என்று சொல்வார்கள். ஹோஸ் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். பில்லை முழு எண்ணாக்க மேலும் மேலும் அழுத்துவது வேண்டாம். பெட்ரோல் 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் வழியும். நிலத்தடித் தொட்டியில் வெப்பம் அதிகம் மாறாது என்பதால், விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பதில் பெரிய லாபம் இல்லை.

காசு கொடுக்கும்போது

16. ஐந்நூறு பேசோ நோட்டைக் கொடுத்தால், 'கினியெந்தோஸ்' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கையில் கொடுங்கள். 2018-ல் வந்த புதிய 500 பேசோ நோட்டு நீல நிறம். முன்பக்கம் பெனித்தோ ஹுவாரெஸ் படம். பழைய 20 பேசோ நோட்டும் நீலம், அதிலும் அவரே. நீங்கள் ஐந்நூறு கொடுத்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் இருபதைக் காட்டி 'இதைத்தானே கொடுத்தீர்கள்' என்பது பழகிப்போன தந்திரம். பின்பக்கத்தைப் பார்த்துப் பழகுங்கள். சாம்பல் திமிங்கலம் இருந்தால் ஐந்நூறு. அந்தத் திமிங்கலங்கள் குட்டி போட வருவதும் இந்தச் சாலையின் ஓரத்து விஸ்காயீனோ கடற்கரைக் காயல்களுக்குத்தான்.

17. பேசோவிலேயே கொடுங்கள். டாலரை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் சொல்வதுதான். கார்டு என்றால், இயந்திரத்தை உங்கள் முன்னால் கொண்டுவரச் சொல்லி, கார்டு கண்ணைவிட்டு மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'டாலரா, பேசோவா' என்று கேட்டால் பேசோவைத் தேர்ந்தெடுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் கார்டு இயந்திரம் வேலை செய்யாது, அதனால் பெட்ரோல் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். சரியாகப் போட்டவருக்கு ஐந்து, பத்து பேசோ டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம். அதை நம்பிப் பிழைப்பவர்கள் பலர்.

18. ஒவ்வொரு முறையும் பில் கேட்டு வாங்குங்கள். பங்க்கின் எண், பம்பின் எண், நேரம், லிட்டர் எல்லாம் அதில் இருந்தால்தான் புகார் நிற்கும். ஏமாந்தது தெரிந்தால் அங்கேயே சண்டை பிடிக்காமல், மீட்டரையும் பங்க் எண்ணையும் படம் எடுத்துக்கொண்டு, ப்ரோஃபெகோவின் 55 5568 8722 எண்ணில் சொல்லுங்கள். பெட்ரோல் தீர்ந்து சாலையில் நின்றுவிட்டால், பச்சை நிற வண்டிகளில் ரோந்து வரும் 'ஆங்ஹெலெஸ் வெர்தெஸ்' சாலை உதவிப் படைக்கு 078, அவசரத்துக்கு 911. பில்லின் பின்னால் அன்றைய கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். ஒரு பங்க்கில் போட்ட பிறகு மட்டும் மைலேஜ் திடீரென விழுந்தால், ஏற்றமும் எதிர்காற்றும் காரணம் இல்லையென்றால், அந்த பங்க்கைக் கழித்துவிடலாம். மைலேஜ் சரியாக வந்த பங்க்குகளின் பில்களைத் தனி உறையில் போடுங்கள். தீபகற்பத்தில் பெரும்பாலோர் போன வழியேதான் திரும்ப வேண்டும். எங்கே நிறுத்துவது என்ற பட்டியல் அப்போது உங்கள் கையிலேயே இருக்கும்.