கொச்சியின் அணைந்த விளக்கு

கேள்வி: எஃப்.சி. கொச்சின் என்று ஒரு கால்பந்து அணி இருந்ததாமே? ஏன் மறைந்தது?
- வாசகர், வளையமாதேவி

பதில்: இருந்தது. இருந்தவரை நெஞ்சை நிறைத்தது.

1996-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது. அதுவரை கேரளத்தில் பெரிய ஆட்டக்காரர் என்றால் போலீஸ் அணியில் வேலையோடு ஆடுவார். இல்லையேல் கல்கத்தாவுக்கு ரயிலேறுவார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட கிளப்பாக 1997-ல் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. சிறுவயதில் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி என்று சொந்த மண்ணின் பிள்ளைகளையே திரும்ப அழைத்து வந்தார்கள். நம் தமிழ்நாட்டு ராமன் விஜயனும் அங்கே கோல் மழை பொழிந்தவர்தான். இது நம்மவர்களுக்கே அதிகம் தெரியாதது எனக்கு வருத்தம்.

பிறந்த வருடமே டூரண்ட் கோப்பை! இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 3-1 என்று வென்றார்கள். 1888-ல் தொடங்கிய அந்தக் கோப்பையை அதற்கு முன் எந்தக் கேரள கிளப்பும் தொட்டதில்லை.

மறைந்ததற்குக் காரணம் பணம். நட்சத்திரங்களுக்குப் பெரிய சம்பளம், நாடு முழுக்கப் பயணம். டிக்கெட் வசூல் அதற்கு ஈடாகாது. தொலைக்காட்சி உரிமையில் கிளப்புக்கு வருமானம் வரும் காலமுமில்லை. விளம்பரதாரர் கைவிட்டால் சம்பளம் நின்றுவிடும். நின்றது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற, 2002-ல் கிளப் கலைந்தது.

கொச்சி கலூர் மைதானம் கிளப் கால்பந்துக்காக மீண்டும் நிரம்ப, 2014-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வர வேண்டியிருந்தது.