பத்து சென்டாவோ வரியும் பறிபோன கடற்கரையும்

கேள்வி: பொலிவியாவுக்குக் கடற்கரையே கிடையாது. ஆனால் அந்த நாட்டுக்குக் கடற்படை உண்டு என்று பொது அறிவுப் புத்தகம் ஒன்றில் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா? (வாசகி, காரைக்குடி)

பதில்: பிழையில்லை. ஆயிரக்கணக்கான வீரர்களோடு பொலிவியக் கடற்படை இருக்கத்தான் செய்கிறது. கடல்மட்டத்திலிருந்து 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து போகிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று 'கடல் நாள்' அனுசரித்து, இழந்த கரையைக் கேட்கிறார்கள். சர்வதேச நீதிமன்றம்வரை போய் 2018-இல் தோற்றும் பார்த்தாயிற்று. 1879 வரை பசிபிக் கரையில் அண்டோஃபகாஸ்டா துறைமுகம் அவர்களுடையது. அது கைநழுவக் காரணம் ஓர் உப்பு.

சமையல் உப்பல்ல, சோடியம் நைட்ரேட். வேதியியல் புத்தகங்களில் 'சிலி வெடியுப்பு' என்று வரும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் சரக்கு என்பதால் மழை பெய்யும் ஊர்களில் மண்ணில் தங்காது. பசிபிக் ஓரத்து அட்டகாமா பாலைவனத்தில் மழையே அபூர்வம். அதனால் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தது அத்தனையும் 'கலீச்சே' என்ற கெட்டிப் படிவமாக அங்கேயே கிடந்தது. வெட்டி, நொறுக்கி, கொதிநீரில் கரைத்து, தெளிவை இறுத்து ஆறவிட்டால் வெள்ளைப் படிகம் அடியில் இறங்கும். அப்படியே போட்டால் ஐரோப்பிய வயல்களுக்கு உரம். நைட்ரிக் அமிலமாக்கினால் வெடிமருந்துக்கு மூலப்பொருள். சோற்றுக்கும் சண்டைக்கும் ஒரே மூட்டை என்றால் கிராக்கிக்குக் கேட்கவா வேண்டும்?

அந்தப் பாலைவனத்தை அப்போது மூன்று நாடுகள் பங்கு போட்டிருந்தன. வளமான தாரப்பாக்கா பெருவிடம் இருந்தது. அண்டோஃபகாஸ்டா பொலிவியாவுடையது என்றாலும், அங்கே தொழில் நடத்தியது சிலி நாட்டு முதல். கூடவே பிரிட்டிஷ் பணம். சிலி நிறுவனங்கள்மீது 25 ஆண்டுகளுக்கு வரியைக் கூட்டுவதில்லை என்று 1874-இல் பொலிவியா எழுதிக் கொடுத்திருந்தது. நான்கே ஆண்டில், குவிண்டாலுக்குப் பத்து சென்டாவோ கட்டு என்றது. நிறுவனம் மறுத்தது. சொத்தை ஏலம் விட 1879 பிப்ரவரி 14 என்று நாள் குறித்தார்கள். ஏலக்காரர் வரவேண்டிய அன்றைக்குச் சிலிப் படை வந்து இறங்கியது. பொலிவியாவோடு ரகசிய ஒப்பந்தம் செய்திருந்த பெருவும் போருக்குள் இழுபட்டது. 1881 ஜனவரியில் சிலி வீரர்கள் பெருவின் தலைநகர் லிமாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். எல்லாம் ஓய்ந்தபோது தாரப்பாக்காவும் அண்டோஃபகாஸ்டாவும் சிலியிடம்.

கூத்து அதற்குப் பிறகுதான். பத்து சென்டாவோ அநியாயம் என்று படையெடுத்த சிலி, ஜெயித்த கையோடு அதே உப்புக்கு அதைவிடப் பல மடங்கு ஏற்றுமதி வரி போட்டது. முதல் உலகப் போர் தொடங்கும்வரை அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இந்த வரிதான். உள்ளூர்ப் பணக்காரர்களிடம் போய் வரி கேட்கும் சங்கடம் அரசுக்கு இல்லாமல் போயிற்று. இதுதான் பெரிய கேடு என்பது என் கட்சி. லாபமாவது உள்ளூரில் தங்கியதா என்றால், அதுவும் இல்லை. ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர், பெரு அரசு கொடுத்திருந்த நைட்ரேட் பத்திரங்களைப் போர்க்காலத்திலேயே அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்து 'நைட்ரேட் ராஜா' ஆனார். அவருக்குக் கடன் கொடுத்தது ஒரு சிலி வங்கி!

தொழிலாளிக்குக் கிடைத்த கூலி பெரும்பாலும் காசல்ல, வில்லை. அது கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும். 1907 டிசம்பர் 21 அன்று, வேலைநிறுத்தம் செய்து இகீக்கே நகரின் சாந்தா மரியா பள்ளியில் குடும்பத்தோடு கூடியிருந்தவர்களை ராணுவம் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு தலைமுறைக்கு முன் போரிட்டுக்கொண்ட மூன்று நாட்டுக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

கேள்வி: அவ்வளவு விலைபோன சிலி உப்பு ஏன் மதிப்பிழந்தது? (மாணவர், திருச்சி)

பதில்: ஜெர்மானியர்களின் உபயம். சிலிப் படிவம் தீர்ந்தால் கோதுமைக்குப் பஞ்சம் வரும், வேதியியலார் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வழி தேடவேண்டும் என்று 1898-இலேயே பிரிட்டிஷ் விஞ்ஞானி வில்லியம் குரூக்ஸ் எச்சரித்திருந்தார். 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் அதைச் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைப் பெரிய தொழிலாக்க, 1913-இல் ஒப்பாவ் ஊரில் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் வழியை மறித்தும் ஜெர்மனி தாக்குப்பிடித்தது அதனால்தான். போருக்குப் பின் மற்ற நாடுகளும் கற்றுக்கொண்டன. காற்றுக்கு யார் ஏற்றுமதி வரி போடுவது? 1929-இல் உலகச் சந்தை சரிந்ததும் சிலி குப்புற விழுந்தது. இன்று நம் வயலுக்கு வரும் யூரியாவும் அதே ஹேபர் வழி அம்மோனியாவில் பிறப்பதுதான்.

அதன்பின் சிலியைத் தூக்கி நிறுத்தியது தாமிரம். அமெரிக்கக் கம்பெனிகளிடம் இருந்த பெரிய சுரங்கங்களை 1971-இல் அதிபர் அயெந்தேயின் அரசு நாட்டுடைமையாக்கியது. இப்போது உலகில் வெட்டப்படும் தாமிரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அங்கிருந்துதான். திரும்பவும் ஒற்றைச் சரக்குதான். ஆனால் இந்த முறை, விலை ஏறும் காலத்தில் மிச்சம் பிடித்து நிதியாக ஒதுக்கி, 2009 நெருக்கடியில் எடுத்துச் செலவழித்தார்கள்.

கேள்வி: அந்த உப்பு ஊர்கள் இன்னும் இருக்கின்றனவா? (மேற்படி மாணவரே)

பதில்: ஹம்பர்ஸ்டோன், சாந்தா லாரா இரண்டையும் 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நாடக அரங்கு, கம்பெனிக் கடை, இரும்புத் தகட்டால் செய்த நீச்சல் குளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலீச்சே வெட்டும் வேலையும் முற்றாக நிற்கவில்லை. அதில் கலந்திருக்கும் அயோடினுக்கு இப்போது நல்ல விலை. உலக அயோடின் உற்பத்தியில் பாதிக்குமேல் சிலியுடையது. உங்கள் வீட்டு அயோடின் உப்புப் பொட்டலத்திலும் அட்டகாமா சரக்கு கொஞ்சம் இருக்கலாம்.