காலடியில் ஒரு புல்

பெங்களூருவின் கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்திற்குள் நுழைவோர் முதலில் அண்ணாந்து பார்ப்பர். கூரையெங்கும் மூங்கிற் சட்டங்கள் பின்னிக் கிடக்கின்றன. எஃகுத் தூண்களுக்கும் மூங்கிலே போர்வை. 2022 நவம்பரில் திறக்கப்பெற்ற இம்முனையம், அடுத்த ஆண்டே விமான நிலைய உட்புற அழகிற்கான ‘பிரி வெர்சாய்’ என்னும் உலகப் பரிசைப் பெற்றது. அதே நகரின் சிவாஜி நகர்ப் பகுதியில் ‘பேம்பூ பஜார்’ என்றோர் இடம் உண்டு. ஏணி, கூடை, சாரக்கழி என்று மூங்கிலை அறிந்திருந்த தலைமுறையின் நினைவாக அப்பெயர் நிற்கிறது.

கூரைக்கு ஏறிய மூங்கில், இன்று வீட்டுத் தரைக்கும் வந்துள்ளது. ஆயினும் கூரையைவிடத் தரை கடுமையான இடம். கூரையை எவரும் மிதிப்பதில்லை. அதன்மீது நாற்காலியை இழுப்பதில்லை. வாளி நீரைக் கொட்டுவதுமில்லை. ஒரு புல் இவற்றைத் தாங்குமா?

ஆம், மூங்கில் ஒரு புல்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் உறவு. தாவர நூலார் கூறும் இச்செய்தியைத் தொல்காப்பியம் வேறொரு வழியில் முன்பே தொட்டுள்ளது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம் என்று அந்நூலின் மரபியல் பிரிக்கிறது. ‘காழ்’ என்பது அங்கு வயிரத்தைக் குறிக்கும் சொல். தேக்கின் உறுதி நடுவில் இருக்கிறது; மூங்கிலின் நடுவிலோ வெற்றிடமே இருக்கிறது. அதன் வலிமை முழுவதும் புறத்தே செறிந்த நார்களில் உள்ளது. (இவ்வாறு நோக்கின் பனையும் தென்னையும்கூடப் புல்லே!)

தரைப்பலகை செய்வோருக்கு இவ்வேறுபாடு மிக முதன்மையானது. தேக்கை அறுத்தால் பலகை கிடைக்கும். மூங்கிலை அறுத்தால் குழாய்தான் கிடைக்கும். ஆகவே மூங்கிலை நீளவாட்டில் பிளந்து, வழுக்கும் மேல்தோலையும் மென்மையான உட்பகுதியையும் சீவி நீக்குவர். எஞ்சிய பட்டைகளை வேகவைத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பர். மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. இவ்வாறு செய்யாவிடில் வண்டுகள் துளைத்துப் பொடியாக்கிவிடும். பின்னர் உலர்த்தி, பசை தடவி, வெப்பத்தில் அழுத்திப் பலகையாக்குவர். மற்றொரு முறையில் மூங்கிலை நார்நாராகச் சிதைத்து, பிசினில் தோய்த்து, பேரழுத்தத்தில் கட்டியாக இறுக்கி அறுப்பர். இவ்வகைப் பலகை தேக்கினும் கடினமானது. நீராவியால் தேன்நிறம் ஏற்றுவதும் உண்டு; அதனால் அழகு கூடும், கடினம் சற்றுக் குறையும். பெங்களூருவின் தும்கூர் சாலையில் அமைந்த பிளைவுட் தொழில் ஆராய்ச்சி நிறுவனம் மூங்கிற் பாயை அடுக்கி ஒட்டிப் பலகையும், நெளிவுடைய கூரைத் தகடும் உருவாக்கியது.

இத்தனை வேலைக்குப் பின்னும் மூங்கிலை விரும்பக் காரணம் அதன் வளர்ச்சி வேகம். சில வகைகள் ஒரே நாளில் 90 செ.மீ. வரை உயரும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முதிர்ந்துவிடும். வெட்டிய பின்னரும் வேர்க்கிழங்கிலிருந்து புதிய முளை எழும். தேக்கிற்கோ பல பத்தாண்டுகள் வேண்டும். எனினும் பலகையில் பசையும் உண்டு என்பதை மறத்தலாகாது. மலிவான பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு கசியக்கூடும். எனவே மூங்கில் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவது அறிவுடைமை ஆகாது.

தமிழ் இல்லங்களில் மற்றொரு சிக்கலும் எழும். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, ஈர அரிசி மாவால் பூசையறையில் மாக்கோலம் இடும் பாட்டிக்கு மூங்கில் தரை உகந்ததன்று. தேங்கிய நீரை அது குடித்து உப்பும். பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவே. ஆகவே கூடத்திற்கும் படுக்கை அறைக்கும் மூங்கில், சமையலறைக்கும் பூசையறைக்கும் கல் என்று பிரித்துக்கொள்வது நன்று. மழைக்காலத்தில் பலகை சற்று விரியும், வேனிலில் சுருங்கும். அதற்கென்றே சுவரோரம் விரற்கடை இடைவெளி விடுவர். பலகைகளைப் பதிக்குமுன் அவ்வறையிலேயே சில நாள் வைத்திருப்பர்.

மூங்கிலை வளர்த்தோர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை ‘மரம்’ என்று வகுத்தது. அதனால் தம் நிலத்தில் வளர்த்ததை வெட்டி வேறூருக்கு அனுப்பவும் உழவர் பலர் வனத்துறையின் இசைவை நாட நேர்ந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம்தான் காட்டிற்கு வெளியே வளரும் மூங்கிலை அவ்வகையிலிருந்து விடுவித்தது. 2023 மே மாதம் திறக்கப்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்குத் தரைப்பலகைகள் திரிபுராவிலிருந்து சென்றன; அவை மூங்கிலால் ஆனவை.

பயிற்சி

1. ‘காழ்’ என்னும் சொல்லின் பொருளை எழுதுக. மூங்கிலின் காழ் எங்கு உள்ளது?
2. உங்கள் வீட்டில் எந்த அறைக்கு மூங்கில் தரை பொருந்தும், எதற்குப் பொருந்தாது? வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் கூறும் காரணத்தையும் சேர்த்து எழுதுக.