முதலில் படிவத்தைப் பூட்டுங்கள்

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துப் பெரியவர்களிடம் கேட்டு, மீன்களின் பெயர், காற்றின் பெயர், வலைகளின் வகை என்று 2011 முதல் ஒரு வலைத்தளத்தில் சேர்த்து வருகிறேன். தளத்தை பி.எச்.பி.யில் நானே எழுதினேன். வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறியிருந்தால் பி.எச்.பி. வெர்ஷன் மாற்றும்போது வந்த வம்பே வந்திருக்காது என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரே மீனுக்கு மூன்று குப்பத்தில் மூன்று பெயர் இருந்தால் அதை எப்படி அடுக்குவது என்று யோசித்து யோசித்து அமைத்த தளம் அது. அதை மாற்றாமல் இருந்தது தவறு என்று நான் நினைக்கவில்லை.

பி.எச்.பி. 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. அதன் பிறகும் அதை ஓடவிட்டிருந்த ஹோஸ்டிங் கம்பெனி, திடீரென்று 15 நாள் கெடு வைத்து 8.1க்கு மாறச் சொன்னது. எத்தனையோ வருடம் சும்மா இருந்துவிட்டு 15 நாள்!

உங்கள் தளமும் அந்தக் காலத்தில் எழுதியதாகத்தான் இருக்கும், ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் இருக்கும். அதனால் வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்று தொடங்கும் பழைய கட்டளைகள் 2015இல் வந்த பி.எச்.பி. 7லேயே இல்லை. எல்லாவற்றையும் மைஎஸ்க்யூஎல்ஐ-க்கு மாற்றுங்கள். 'ஈச்' ஃபங்ஷன் 8இல் போய்விட்டது, அந்த இடங்களில் 'ஃபார்ஈச்' போடுங்கள். சிபேனலில் வெர்ஷனை மாற்றிய கையோடு எக்ஸ்டென்ஷன் பட்டியலில் எம்பிஸ்ட்ரிங்குக்கு டிக் இருக்கிறதா பாருங்கள். இதற்கெல்லாம் முன்பே பேக்அப் எடுங்கள். நானும் எடுத்தேன். ஆனால் நான் இழந்ததை எந்த பேக்அப்பும் திருப்பித் தந்திருக்காது.

என் தளத்தின் பழைய டேபிள்கள் லாட்டின்1 வகை. என் பழைய நிரல் டேட்டாபேஸோடு எந்த எழுத்துமுறையில் பேச வேண்டும் என்று சொன்னதே இல்லை. அதனால் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது மூன்று பைட்டாக வந்ததை டேட்டாபேஸ் என்னவென்று தெரியாமலே வாங்கி வைத்து, அப்படியே திருப்பித் தந்தது. பத்து வருடத்துக்கு மேல் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. புது நிரலில், எல்லோரும் சொல்வதுபோல், இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கும் ஒரு வரி சேர்த்தேன். சோதனைக்காகப் புதிதாக ஒரு காலி டேபிள் போட்டு, 'வஞ்சிரம்', 'சங்கரா' என்று ஏற்றிப் பார்த்தேன். நன்றாக வந்தது. பழைய டேபிளின் நகலை வைத்துச் சோதித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

நிஜத் தளத்தில் மாற்றிய இரவு, தலையில் கோடு போட்ட 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியுமாகப் பக்கமெல்லாம் நிறைந்தது. ஹோஸ்டிங் கம்பெனியின் உதவி மையத்தில் ஒரே பதில்: "எங்க சைடுல ஓகே சார், உங்க கோடிங்லதான் பிரச்சினை." அந்த ஒரு வரிதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இணைப்பை லாட்டின்1 என்று மாற்றியதும் பழைய குறிப்புகள் ஓர் எழுத்துகூடக் குறையாமல் திரும்பி வந்தன. பிறகு நிதானமாக, டேபிளின் ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் பைனரி வகைக்கும் அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4க்கும் கொண்டுபோனேன். நேராக மாற்றினால் குப்பை எழுத்துகளே நிரந்தரமாகிவிடும்.

போனது அந்த இரண்டு நாளில் வந்த குறிப்புகள். மற்றவர்கள் குறிப்புகளைப் பதிவேற்றும் படிவத்தை நான் மூடவில்லை. படிப்பது பாழானாலும் எழுதுவது ஒழுங்காகத்தான் போகும் என்று நம்பிவிட்டேன். யூடிஎஃப்8 இணைப்பில் வரும் தமிழுக்கு லாட்டின்1 டேபிளில் இடம் கிடையாது. ஸ்ட்ரிக்ட் மோட் போட்டிருந்தால் டேட்டாபேஸ் பிழை காட்டி மறுத்திருக்கும். அந்த சர்வரில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகளாக டேட்டாபேஸ் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. குப்பை எழுத்தை மீட்கலாம், அதற்குள் பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. கேள்விக்குறிக்குள் எதுவும் இல்லை.

அந்த இரண்டு நாளும் ஒரு தாத்தா சொல்லச் சொல்ல அவர் பேத்தி போனில் தட்டி ஏற்றியிருக்கிறாள். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றிலும் எந்த வலை, எவ்வளவு தூரம் என்று 17 குறிப்புகள். படிவத்தில் ஒரு வரி மாற்றி "இப்போது பதிவேற்ற வேண்டாம்" என்று போட ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

உங்கள் தளத்தில் யாராவது எழுதுகிறார்கள் என்றால், வெர்ஷனைத் தொடும் முன் படிவத்தைப் பூட்டுங்கள். புதிதாக ஒரு தமிழ் வரியை நீங்களே ஏற்றி, பிஎச்பிமைஅட்மினில் அது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். ஸ்ட்ரிக்ட் மோட் நிலவரத்தை ஹோஸ்டிங்காரர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மறுவாரம் தாத்தா வீட்டுக்குப் போய் மறுபடி சொல்லச் சொன்னேன். "அன்னிக்கே எல்லாம் சொன்னேனே, பாப்பா எழுதலயா?" என்று பேத்தியைப் பார்த்தார். அவள் எழுதினாள், தவறு என்னுடையது என்றேன். ஒன்பது குறிப்புகள் சொன்னார். மற்றது ஞாபகம் வரும்போது சொல்கிறேன் என்றிருக்கிறார்.